ஸ்நார்க்கெல், காட்டு வழி ரிப்பேர், டாப் ஸ்பீடு: ஃபோர் வீல் டிரைவ் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருப்பது ஒரு பழைய ஜிப்சி. உடன் வரும் நண்பர்களிடம் தார், ஜிம்னி, ஒரு கூர்க்கா. புதிதாக வண்டி எடுத்துக்கொண்டு எங்களோடு சேருகிறவர்கள் முதல் நாளே கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயம்தான்: ஸ்நார்க்கெல் போடலாமா, நடுக்காட்டில் உடைந்தால் என்ன செய்வது, இது எவ்வளவு வேகம் போகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்நார்க்கெல் என்ன வேலை செய்கிறது?

எஞ்சின் காற்று இழுக்கும் வாயை மேலே கொண்டு போகிறது. அவ்வளவுதான். சாதாரணமாக அந்த வாய் கிரில்லுக்குப் பின்னாலோ, ஹெட்லைட் பக்கத்திலோ, மட்கார்டுக்குள்ளோ இருக்கும். ஸ்நார்க்கெல் போட்டால் கண்ணாடித் தூணை ஒட்டி ஏறி, கூரை உயரத்தில் வாய் திறந்திருக்கும்.

இதனால் இரண்டு நன்மை. ஒன்று, தண்ணீர் எஞ்சினுக்குள் போகாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே போதும், பிஸ்டன் மேலே வரும்போது அது இடம் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் எஞ்சினில் அமுக்கம் அதிகம் என்பதால் இது இன்னும் மோசம். இரண்டாவது நன்மையை யாரும் பேசுவதில்லை: தூசி. முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதி பானட் உயரத்தில்தான் கனமாக இருக்கும், கூரை உயரத்தில் குறைவு. வருடத்தில் மூன்று நாள் தண்ணீரில் இறங்குகிறவர்கள் முப்பது நாள் புழுதியில் ஓடுகிறார்கள். என் கணக்கில் ஸ்நார்க்கெல் நம்மூரில் சம்பாதித்துக் கொடுப்பது தூசியில்தான்.

போட்டுவிட்டால் கூரை வரைக்கும் தண்ணீரில் இறங்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வியால்தான் நிறைய வண்டி போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எவ்வளவு ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனங்கள் சொல்லும் அளவுகளைப் பாருங்கள். ஸ்நார்க்கெல் இல்லாமல் வரும் தாருக்கு 650 மில்லிமீட்டர். கம்பெனியிலேயே ஸ்நார்க்கெல் பொருத்தி வரும் கூர்க்காவுக்கு 700. ஸ்நார்க்கெல் இல்லாத டொயோட்டா ஹைலக்ஸுக்கும் அதே 700. ஸ்நார்க்கெல் இல்லாமலே புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தி, 900 வரை போகிறது. அதாவது அந்தக் கறுப்புக் குழாய் ஆழத்தைத் தீர்மானிப்பதில்லை. கதவு சீல், வயரிங், ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 650 என்றால் சராசரி உயரமுள்ள ஒருவருக்கு நடுத்தொடை.

அடுத்தது மிதப்பு. தார் கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். தரைத்தகட்டுக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால், உள்ளே தண்ணீர் புகாத வரை, 600 முதல் 700 கிலோ எடையைத் தண்ணீர் தூக்கிக்கொள்ளும். வண்டியின் எடையே ஒன்றே முக்கால் டன் அளவுதான். இன்னொரு 15 சென்டிமீட்டர் ஏறினால் டயருக்குப் பிடிமானம் என்று ஒன்று இருக்காது. ஃபோர் வீல் டிரைவ், டிஃப் லாக் (ஒரே ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுற்ற வைக்கும் பூட்டு) எல்லாம் டயர் தரையில் அழுந்தினால்தான் வேலை செய்யும்.

ஓடும் தண்ணீர் என்றால் கணக்கே வேறு. ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் காரை அடித்துப் போகும், 60 இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை எச்சரிக்கிறது. எஸ்.யூ.வி.யும் அந்தப் பெரும்பாலானதில் சேர்த்திதான். மலையில் மழை பெய்து காட்டாறு நிறம் மாறி வந்தால் நாங்கள் கரையில் உட்கார்ந்து டீ போடுவோம். இரண்டு மணி நேரத்தில் வடியும், இல்லையென்றால் வந்த வழியே திரும்புவோம்.

அப்படியானால் தண்ணீருக்காக முதலில் எதில் காசு போடுவது?

பிரீதர் குழாயில். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், கியர்பாக்ஸ், திறனை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் மேலே மூச்சு விட ஒரு சின்ன முனை இருக்கும். ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் எங்கிருந்தாவது இழுக்கும். முனை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும், இல்லையென்றால் ஆயில் சீல் வழியாக. இந்த முனைகளிலிருந்து ரப்பர் குழாய் எடுத்து பானட்டுக்குள் உயரமான இடத்தில் கட்டிவிட்டால் முடிந்தது. குழாய், கிளிப், கூலி எல்லாம் சேர்த்தாலும் ஸ்நார்க்கெலில் சின்னப் பங்குதான் ஆகும். போட்டோவில் தெரியாது என்பதால் யாரும் செய்வதில்லை.

தண்ணீரில் போய்வந்த மறுநாள் டிஃபரன்ஷியலின் (ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. காபியில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அன்றே மாற்றிவிடுங்கள். கிரவுன், பினியன், பேரிங் விலையை ஒருமுறை விசாரித்தால் ஆயில் விலை பெரிதாகத் தெரியாது.

என் வண்டியில் ஏற்கெனவே ஸ்நார்க்கெல் இருக்கிறது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி. வெளியே குழாய் இருக்கும், உள்ளே ஏர் ஃபில்டர் பெட்டியோடு சரியாக இணைத்திருக்க மாட்டார்கள். வெறும் அலங்காரமாக ஒட்டி விற்பதும் உண்டு.

எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஸ்நார்க்கெலின் வாயை முழுக்க அடைத்துப் பாருங்கள். கெட்டியான ரப்பர் ஷீட்டோ உள்ளங்கையோ போதும். எஞ்சின் திணறி நின்றுபோக வேண்டும். நின்றால் காற்று அந்த ஒரு வழியாகத்தான் போகிறது என்று அர்த்தம். நிற்காமல் ஓடினால் வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை வழியாகவே தண்ணீரும் போகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், உள் குழாய் சப்பிப்போகும்.

பெரும்பாலும் குற்றவாளி ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் துளைதான். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று கம்பெனியே விட்டிருப்பார்கள். ஸ்நார்க்கெல் மாட்டுகிறவர் அதை அடைக்க மறந்துவிடுவார். எங்கள் கூட்டத்தில் ஒரு வண்டிக்கு இந்தச் சோதனை செய்தபோது எஞ்சின் ஒரு இருமல்கூட இருமாமல் ஓடியது. மட்கார்டைக் கழற்றினால், ஸ்நார்க்கெல் குழாய் பெட்டி வரைக்கும் வந்து இரண்டு விரல் இடைவெளியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்த நிலையில் அவர் அதற்கு முன் இரண்டு மழைக்காலம் ஆற்றைக் கடந்திருக்கிறார்.

வாய் முன்பக்கம் பார்க்க வேண்டுமா, பின்பக்கமா? முன்பக்கம் வைத்தால் பவர் கூடும் என்கிறார்களே?

பவரை விடுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் பாஸ்கல். அரை சதவீதம்கூட வரவில்லை. 150 குதிரைத்திறன் எஞ்சினில் முக்கால் குதிரை. அந்த முக்கால் குதிரையையும் குழாயின் நீளமும் வளைவும் தின்றுவிடும்.

முன்பக்கம் வைப்பது வழக்கம். நல்ல தலைப்பகுதியாக இருந்தால் மழைநீரைச் சுழற்றி ஓரத் துளை வழியாக வெளியே தள்ளிவிடும். கனமான புழுதியில் கூட்டமாகப் போகும்போது பின்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். தாழ்ந்த கிளைகள் இருக்கும் காட்டிலும் அப்படித்தான், இலையும் பூச்சியும் குறையும்.

சென்னை வெள்ளத்துக்கு ஸ்நார்க்கெல் உதவுமா?

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் இதைக் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் தெரு வெள்ளத்தில் திறந்த சாக்கடை மூடி, மிதந்து வரும் பைக், அறுந்த மின்கம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காட்டாற்றில் இறங்கி நடந்து பார்க்கலாம், தெரு வெள்ளத்தில் அதுவும் ஆபத்து. நீங்கள் கிளப்பும் அலை பக்கத்து வீட்டு வாசலுக்குள் போகும் என்பது வேறு. வேளச்சேரிக்காரர்கள் மழைக்கு முன்பே காரை மேம்பாலத்தில் ஏற்றி விடுகிறார்களே, அந்த யோசனைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

தண்ணீரை எப்படித்தான் கடப்பது?

முதலில் ஆள் நடந்து பார்க்க வேண்டும், கையில் கம்போடு. நடக்க முடியாத இழுப்பு இருந்தால் வண்டியும் போகக் கூடாது. ஃபோர்-லோ (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில், அதிக இழுவையோடு சுற்றும் கியர்) போட்டு, முதல் அல்லது இரண்டாவது கியரில், ஆள் வேகமாக நடக்கும் வேகத்தில் இறங்குங்கள். பம்பருக்கு முன்னால் ஒரு சின்ன அலை உருவாகும். அதற்குப் பின்னால் எஞ்சின் பகுதியில் தண்ணீர் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த அலையைத் துரத்தாமலும் விடாமலும் ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் கிளட்ச் மிதிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள்.

தண்ணீரை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு பாயும் வீடியோக்கள் அழகாக இருக்கும். அந்த வேகத்தில்தான் ஃபேன் இறக்கை தண்ணீரில் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கிறது. பெல்டால் சுற்றும் ஃபேன் உள்ள பழைய டீசல் ஜீப்புகளில் இது சகஜம். அந்தக் காலத்து டிரைவர்கள் கிரில்லின் முன்னால் சாக்கோ தார்ப்பாயோ கட்டித்தான் ஆற்றில் இறக்குவார்கள்.

நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால்?

சாவியைத் திருப்பாதீர்கள். எவ்வளவு பதற்றமாக இருந்தாலும் திருப்பாதீர்கள். நின்ற எஞ்சின் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். அதை மறுபடி ஸ்டார்ட் செய்யும் முயற்சிதான் ராடை வளைக்கும்.

இக்னிஷனை அணைத்து, வின்ச்சோ கயிறோ போட்டு வெளியே இழுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் வயரிங்கிலோ சென்சாரிலோ ஈரம் இறங்கி நின்றிருக்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷன் காயிலையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றினால் தண்ணீர் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். டீசலில் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும், அதைக் காட்டில் செய்வதைவிடக் கட்டி இழுத்துப் போவது நல்லது.

நண்பர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நாலு தடவை சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவை "டக்" என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. எஞ்சினைப் பிரித்தபோது ஒரு ராடு வில்லாக வளைந்திருந்தது. இன்ஷூரன்ஸும் கைவிட்டது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால் தவிர, இந்த மாதிரிச் சேதத்தைச் சாதாரண பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே வாங்கி ஸ்நார்க்கெல் மாட்டினால் சட்டச் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019 திருத்தம் வழி செய்கிறது. கம்பெனியே பொருத்தி வந்தால் பிரச்சினையில்லை. மற்றபடி மாட்டும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் மாட்டும் புல்பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இதைவிடப் பெரிய சட்டச் சிக்கல் இடம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம், ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பது அனுமதிச் சீட்டு ஆகாது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலை, அதாவது செம்மணல் மேடுகளை, பார்த்ததும் கை துறுதுறுக்கும்தான். எந்தப் பகுதி வனத்துறையுடையது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

காட்டு வழியில் போகும்போது என்ன சாமான் வைத்துக்கொள்வது?

ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். என் டிக்கியில் நிரந்தரமாக இருப்பவை: நல்ல ஜாக்கியும் அதற்கு அடியில் வைக்க ஒரு பலகையும், ஸ்பானர் செட், சுத்தியல், கட்டுக்கம்பி ஒரு சுருள், எம்-சீல் இரண்டு பாக்கெட், பார் சோப்பு ஒன்று, பழைய சைக்கிள் டியூப், ஹோஸ் கிளாம்ப் ஏழெட்டு, பஞ்சர் கிட், காற்றடிக்கும் கம்பிரசர், இழுக்கும் கயிறு, ராட்செட் பெல்ட் இரண்டு, ஃபேன் பெல்ட் ஒன்று, ஃபியூஸ், தண்ணீர் பத்து லிட்டர். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதும் சாமான் கணக்கில்தான் வரும். ஒருமுறை என் ஸ்டெப்னியே பஞ்சராக இருந்தது.

எரிபொருள் டேங்கில் கல் அடித்துச் சொட்டுகிறது. என்ன செய்வது?

பார் சோப்பு. வண்டியை அணைத்து, பீடி சிகரெட் எல்லாவற்றையும் தூர அனுப்பிவிட்டு, சோப்பை ஈரமில்லாமல் அந்தக் கீறலில் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து நிரப்புங்கள். சோப்பு தண்ணீரில்தான் கரையும், பெட்ரோலிலும் டீசலிலும் கரையாது. எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கும் இடத்தில் எம்-சீல் ஒட்டாது, சோப்பு ஒட்டும். லாரி டிரைவர்களுக்கு இது பாட்டன் காலத்து வைத்தியம். மழையில் மட்டும் நம்பாதீர்கள்.

ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு என்று சொல்வார்கள். சின்னக் கசிவை அடைக்கும், உண்மைதான். கூடவே உள்ளே இருக்கும் நுண்குழாய்களையும் அடைக்கும். நான் ஆறவைத்து, துடைத்து, எம்-சீல் வைப்பேன். ஹோஸ் கிழிந்தால் சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டுவிட்டு, ரேடியேட்டர் மூடியை முழுதாக இறுக்காமல் விடுங்கள். அழுத்தம் ஏறாது, கட்டு பிய்யாது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஸ்டியரிங் ராடு வளைந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதானா?

இல்லை. இது எனக்கே நடந்தது. வறண்ட ஓடையில் ஒரு பாறையை நான் கவனிக்கவில்லை, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஜிப்சியின் டை ராடு அதன் மேல் உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு சக்கரம் வடக்கே, இன்னொன்று வடகிழக்கே.

ராடைக் கழற்றினோம். இரண்டு கல் நடுவே பாலம் மாதிரி வைத்து, வளைவின் முதுகு மேலே இருக்கும்படி திருப்பி, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தி, வண்டியின் பம்பரையே எதிர்ப்பாக வைத்து அமுக்கினோம். ஒரேயடியாக அமுக்கினால் முறியும் என்று, கொஞ்சம் அமுக்கி, எடுத்து, கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்து, திருப்பி வைத்து மறுபடி அமுக்கி. நாற்பது நிமிடம் ஆனது. ஒருமுறை வளைந்த ராடு மறுபடி அதே இடத்தில்தான் வளையும். அதனால் கூட வந்தவர் வைத்திருந்த கடப்பாரையை ராடோடு சேர்த்து ஆறு இடத்தில் ஹோஸ் கிளாம்ப் போட்டு, மேலே கட்டுக்கம்பியும் முறுக்கினோம்.

அலைன்மென்ட்டுக்கும் கட்டுக்கம்பிதான். முன் டயர்களின் முன் விளிம்புக்கும் முன் விளிம்புக்கும் இடையே கம்பியைப் பிடித்து முடிச்சுப் போட்டோம், அதே கம்பியைப் பின் விளிம்புகளுக்கு இடையே வைத்துப் பார்த்தோம். முடிச்சு கிட்டத்தட்ட அதே இடத்தில் வரும்வரை ராடின் முனையைத் திருகினோம். அப்புறம் மணிக்கு இருபது கிலோமீட்டரில், ஊர் வந்து சேர இரவு ஆகிவிட்டது. மறுநாள் புது ராடு.

லீஃப் ஸ்பிரிங் பட்டை உடைந்தால்?

நடுப் பட்டைகளில் ஒன்று உடைந்தால் கம்பியால் இறுகக் கட்டி மெதுவாகப் போகலாம். முதல் பட்டை, அதாவது இரண்டு முனையிலும் கண் உள்ளது, உடைந்தால் ஆக்ஸிலே நகர ஆரம்பிக்கும். சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே மரக்கட்டையைச் செருகி, ராட்செட் பெல்ட்டால் ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் கட்டுங்கள். குதித்துக் குதித்துப் போகும், ஆனால் போகும்.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டின் ஜாயின்ட் உடைந்தால் இன்னும் சுலபம். அந்த முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு டூ வீல் டிரைவில் வந்துவிடலாம். நட்டு போல்ட்டைத் தொலைக்காமல் இருக்க வேண்டும்.

பேட்டரியிலேயே வெல்டிங் செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம். 12 வோல்ட் பேட்டரி இரண்டோ மூன்றோ வரிசையாக இணைத்தால் 24 அல்லது 36 வோல்ட் கிடைக்கும். தடித்த ஜம்பர் கேபிள், வெல்டிங் ராடு, கறுப்புக் கண்ணாடி இருந்தால் உடைந்த பிராக்கெட்டை ஒட்டிவிடலாம். பேட்டரிகளை வண்டியிலிருந்து இறக்கித் தூர வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டுச் செய்ய வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பொறி பட்டால் வெடிக்கும். ஒட்டும் வண்டியின் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் தெரிந்த ஆள் கூட இருந்தால் மட்டும் செய்யுங்கள். யாருக்கும் தெரியாது என்றால் கட்டுக்கம்பியே மேல்.

மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது எதைக் கவனிப்பது?

கொக்கியை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதை. டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் குமிழில் கயிறு மாட்டவே கூடாது. இழுவை வேகத்தில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், அதனால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சேசிஸில் போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் கனமான ஈரச் சாக்கு அல்லது தரைவிரிப்பைப் போடுங்கள், அறுந்தால் கீழே விழும். மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் நிற்க வேண்டும். வீடியோ எடுப்பவர் உட்பட.

ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு டாப் ஸ்பீடு ஏன் குறைவு?

மூன்று காரணம்: காற்று, கியர், டயர்.

இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்புக்கு 60 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு சுமார் 105 கிலோமீட்டர். ஐரோப்பாவில் விற்ற மூன்று கதவு ஜிம்னிக்கு சுசுகி சொன்னது 145, ஆட்டோமேட்டிக்கில் 140. எழுபத்தைந்து வருட இடைவெளிக்கு இது பெரிய முன்னேற்றம் இல்லை. காரணம், வடிவம் அதே பெட்டிதான். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 100லிருந்து 120க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, காற்றுக்கு மட்டும் செலவாகும் திறன் 73 சதவீதம் கூடுகிறது.

கியர் விகிதம் பாறை ஏற வேண்டும் என்று அமைத்தது. உயரமாக இருப்பதால் வளைவில் சாயும். இவையெல்லாம் தெரிந்த கதை. டயரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 470 குதிரைத்திறன், 6.4 லிட்டர் வி-8 எஞ்சின் கொண்ட ஜீப் ராங்ளர் ரூபிகான் 392 என்று ஒரு வண்டி உண்டு. அதன் வேகத்தைக் கம்பெனி 99 மைலில், அதாவது சுமார் 160 கிலோமீட்டரில் கட்டிப்போட்டிருந்தது. மட் டெரெய்ன் போன்ற முரட்டு டயர்களின் பக்கவாட்டில் பெரும்பாலும் "க்யூ" என்ற எழுத்து இருக்கும். அதன் பொருள், உச்சம் 160. எஞ்சினுக்கு முன்னால் டயர் கையைத் தூக்கிவிடுகிறது.

பெரிய டயர் போட்டால் வேகம் கூடுமா?

ஸ்பீடோமீட்டரில் கூடாது, உண்மையில் கொஞ்சம் கூடும், அதுதான் ஆபத்து. தாரின் 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். 265/75 போட்டால் 804. முள் 100 காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 104இல் போகிறீர்கள். 35 அங்குல டயர் என்றால் முள் 100, உண்மை 115. பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பிக்கப் மந்தமாகும், ஃபோர்-லோவில் தவழும் வேகமும் கூடிப்போகும். மேலே சொன்ன 52ஆவது பிரிவையும் நினைவில் வையுங்கள்.

ஃபோர்-ஹையில் ஹைவேயில் ஓட்டலாமா? ஃபோர்-லோவில் எவ்வளவு போகலாம்?

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் மாற்றிக்கொள்ளும் வண்டியில், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்-ஹை (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை) போடாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முடியாது. ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும், லீவர் வெளியே வராது. மண்ணிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கிக் கொடுப்பதால் பிரச்சினையில்லை.

ஃபோர்-லோ என்பது சைக்கிள் வேகத்துக்கானது. ஜிம்னியில் லோ விகிதம் ஏறத்தாழ 2, ராங்ளர் ரூபிகானில் 4. எஞ்சின் கத்த ஆரம்பித்தால் நீங்கள் அங்கே லோவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அர்த்தம்.

காட்டு வழியில் எவ்வளவு வேகம் சரி?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருக்கிறீர்களா? தோட்டம் இருப்பது தேனி மாவட்டம், வண்டி ஏறுவது கேரளப் பக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே ஓட்டும் அண்ணன்மார் வண்டியில் ஸ்நார்க்கெலும் இருக்காது, 35 அங்குல டயரும் இருக்காது. ஒவ்வொரு கல்லின் மேலும் டயரைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், எடுக்கிறார்கள். இடையில் நம்மிடம் கதை பேசுகிறார்கள். ஒருவரிடம் "எந்தக் கியர்ல போறீங்க அண்ணே?" என்று கேட்டேன். "ஃபர்ஸ்ட்தான் தம்பி, செகண்ட் போட்டா நாளைக்கு ஒர்க்‌ஷாப்ல நிக்கணும்" என்றார்.

மணலுக்காக டயரில் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கியிருந்தால், மணல் முடிந்து கெட்டியான பாதை வந்ததும் மணிக்கு முப்பதைத் தாண்டாதீர்கள். டயர் மடிந்து மடிந்து சூடாகும், திடீரென்று திருப்பினால் ரிம்மிலிருந்து கழன்றும் வரும். கம்பிரசரை எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே ஹைவே ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காட்டிலிருந்து திரும்பும்போது 70, 80இல் ஸ்டியரிங் பயங்கரமாக நடுங்குகிறது. என்ன உடைந்திருக்கும்?

பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் அரைக்கிலோ சேறு இருந்தால் போதும், சக்கரம் பேலன்ஸ் இழந்து ஆடும். ஓரமாக நிறுத்தி, குச்சியால் குத்தி எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மறுபாதியையும் பாருங்கள். அதன் பிறகும் நடுங்கினால் வீல் நட்டு, ராடு முனை, டயரின் பக்கவாட்டில் புடைப்பு என்று வரிசையாகப் பார்க்கலாம். என் ஜிப்சியை ஒருமுறை இந்த நடுக்கத்துக்காகவே பட்டறையில் விட்டேன். அங்கே இருந்த பையன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கீழே படுத்து, ஒரு வாளிச் சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.